வரைபட டெக்னீஷியனுக்கு என்னதான் சொல்லித்தருவது? ஓர் ஆசிரியரின் கடிதமும் பதிலும்

கடிதம் நீளமானது. எழுதியவரின் பெயர், ஊர், கல்லூரி எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

இவர் இரண்டாண்டு டிப்ளமோ நடத்தும் ஒரு கல்லூரியில் 11 வருடமாக நில அளவையும் புவியியலும் நடத்துபவர். போன மாதம் முதல்வர் கூப்பிட்டு, "அடுத்த கல்வியாண்டில் ஜி.ஐ.எஸ். டெக்னீஷியன் படிப்பு ஆரம்பிக்கிறோம், மூன்று மாதத்தில் பாடத்திட்டம் வேண்டும்" என்று சொல்லிவிட்டார். ஜி.ஐ.எஸ். என்றால், இடம் சார்ந்த தரவைக் கணினியில் வரைபடமாக்கிக் கையாளும் முறை. இவரும் சும்மா இருக்கவில்லை. 40 வேலை விளம்பரங்களைச் சேர்த்து, அவற்றில் வரும் மென்பொருள் பெயர்களையெல்லாம் ஒரு பட்டியலாகப் போட்டிருக்கிறார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 2006இல் வெளியிட்ட புவியியல் தகவல் அறிவுத் தொகுப்பைத் தேடி எடுத்து, அதன் தலைப்புகளை 4 பருவங்களுக்கும் பிரித்துப் பார்த்திருக்கிறார், அடங்கவில்லை. இரண்டு நிறுவன மேலாளர்களைப் பார்த்துப் பேசியதில் ஒருவர் "பைத்தான் தெரிந்தவன் வேண்டும்" என்றாராம் (பைத்தான் ஒரு நிரல்மொழி), இன்னொருவர் "சொன்னதைச் செய்கிறவன் போதும்" என்றாராம். நடுவில் ஒரு மென்பொருள் விற்பனையாளர் வந்து, பாடத்திட்டம் தயாராக இருக்கிறது, ஆய்வகத்துக்கு ஒரு வருட உரிமமும் இலவசம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அவருடைய கேள்விகள் இவை. விற்பனையாளரின் பாடத்திட்டத்தை எடுத்துக்கொள்ளலாமா? மூன்று வருடத்தில் மென்பொருள் மாறிவிட்டால் பிள்ளைகளின் கதி என்ன? கணக்கில் தடுமாறுகிற மாணவர்களைச் சேர்க்கலாமா? படித்து முடித்தவர்கள் நில எல்லையை அளந்து கொடுக்கலாமா? கையேட்டில் "வேலை உறுதி" என்று போடச் சொல்கிறது நிர்வாகம், போடலாமா? கடைசி வரி இப்படி முடிகிறது: "உண்மையைச் சொன்னால், அந்த நாற்காலியில் ஒரு நாள்கூட உட்கார்ந்து வேலை பார்த்தது இல்லை. எனக்கே தெரியாத வேலைக்கு நான் எப்படிப் பாடத்திட்டம் எழுதுவது?"

கடைசியில் இருந்து ஆரம்பிக்கிறேன். தெரியாது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறதே, பாதிப் பிரச்சினை அதோடு தீர்ந்தது. இதுவரை நான் பார்த்த மோசமான பாடத்திட்டங்களில் பலவும் "இந்த வேலை என்ன, எனக்குத் தெரியாதா" என்று உட்கார்ந்தவர்கள் எழுதியவை. அந்த வரிசையில் நானே ஒன்று எழுதியிருக்கிறேன், அது பின்னால் வருகிறது.

முதலில் அந்த 40 விளம்பரங்கள். ஓரமாக வையுங்கள், தூக்கிப் போட வேண்டாம். விளம்பரத்தை எழுதுவது பெரும்பாலும் ஆள் எடுக்கும் பிரிவு. போன தடவை போட்ட விளம்பரத்தை எடுத்து, அதில் இரண்டு மென்பொருள் பெயரைச் சேர்த்து, இன்னொரு நிறுவனத்தின் விளம்பரத்தில் இருந்து ஒரு வரியை ஒட்டி அனுப்புவார்கள். நான் மேற்பார்வையாளராக இருந்தபோது என் பிரிவுக்கு வந்த ஒரு விளம்பரத்தில், அந்தப் பிரிவில் யாருமே திறந்துகூடப் பார்த்திராத மென்பொருள் ஒன்று "கட்டாயம்" என்று இருந்தது. ஏன் என்று கேட்டேன். போட்டி நிறுவனம் போட்டிருந்ததாம். சரி, பெயர்களும் குழப்பம்தான். ஒரே வேலைக்கு ஓரிடத்தில் ஜி.ஐ.எஸ். டெக்னீஷியன், ஓரிடத்தில் மேப்பிங் டெக்னீஷியன், இன்னோரிடத்தில் கேட் ஆபரேட்டர் என்று பெயர் வைத்திருப்பார்கள். ஒரே பெயரில் முற்றிலும் வேறு வேறு வேலைகளும் நடக்கும். ஆக, விளம்பரம் சொல்வது ஆசையை. வேலையைத் தெரிந்துகொள்ள வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

ஒரு காலை வேலை

நான் டெக்னீஷியனாக இருந்த நாட்களில் ஓர் அலுவலகத்தில் குடிநீர்க் குழாய் வால்வுகளை வரைபடத்தில் ஏற்றிக்கொண்டிருந்தோம். களத்தில் இருந்து ஒரு ஸ்ப்ரெட்ஷீட் வந்தது. வார்டு எண், வால்வு எண், அட்சரேகை, தீர்க்கரேகை, குழாயின் விட்டம், அளந்த தேதி. பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. ஏற்றினேன். புள்ளிகள் தெருவோரமாக வரிசையாக உட்கார்ந்தன, மூன்று புள்ளிகள் மட்டும் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில், நடுக்கடலில். ஆயத்தொலை எழுதாமல் விட்ட கட்டங்களை மென்பொருள் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டிருந்தது. பூஜ்யம் டிகிரி அட்சமும் பூஜ்யம் டிகிரி தீர்க்கமும் சந்திப்பது அந்தக் கடலில்தான். எங்கள் ஆட்கள் அந்த இடத்துக்கு 'நல் ஐலேண்ட்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள், இல்லாத தீவு.

அப்புறம் வார்டு எல்லையோடு அட்டவணையை இணைத்தேன். பாதி வரிசைகள் ஒட்டவே இல்லை. எல்லை லேயரில் (வரைபடத்தின் ஒரு தரவு அடுக்கில்) வார்டு எண் 007 என்று எழுத்தாக இருந்தது, ஸ்ப்ரெட்ஷீட் அதை எண் என்று நினைத்து முன்னால் இருந்த சைபர்களை விழுங்கிவிட்டு 7 என்று வைத்திருந்தது. வால்வு எண் 3-4 என்று இருந்ததெல்லாம் தேதியாக மாறி உட்கார்ந்திருந்தது, அது வேறு. அதையும் சரி செய்தேன். அடுத்து ஒரு பகுதியின் புள்ளிகள் எல்லாம் ஒரே திசையில், ஒரே தூரத்துக்குத் தள்ளி விழுந்திருந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சிதறினால் அளந்தவரின் தவறு, எல்லாம் சேர்ந்து நகர்ந்திருந்தால் டேட்டம், அதாவது ஆயத்தொலைகளுக்கு அடிப்படையாக எடுத்த பூமி மாதிரி, வேறு. பக்கத்தில் இருந்த சீனியர் அக்கா இதைச் சொன்னபோது திரையைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, டீயைக் கீழே வைக்காமலே சொன்னார்.

மூன்றையும் சரி செய்துவிட்டோம் என்ற திமிரில் வரைபடத்தை அச்சடித்து அனுப்பினேன். குழாயின் விட்டத்துக்கு ஏற்பக் கோட்டின் தடிமன். இரண்டு நாளில் ஒரு வயதான ஃபோர்மேன் அந்தத் தாளைச் சுருட்டிக்கொண்டு நேராக என் மேசைக்கு வந்தார். "தம்பி, ஊருக்கே தண்ணி கொண்டுவர்ற மெயின் லைன் இது. இது ஏன் மயிரிழை மாதிரி இருக்கு?" என்றார். பார்த்தால், ஒரு குழு விட்டத்தை மில்லிமீட்டரில் எழுதியிருக்கிறது, இன்னொரு குழு அங்குலத்தில். கிளைக் குழாய்க்கு 100, மெயின் குழாய்க்கு 12. அந்த நெடுவரிசையைத் தனியாக வரிசைப்படுத்திப் பார்த்திருந்தாலே மாட்டியிருக்கும். நான் பார்க்கவில்லை.

இதுதான் அந்த வேலை. இத்தனை பேசியும் எந்த மென்பொருள் என்று நான் சொல்லவில்லை, சொன்னாலும் கதை மாறாது. வரைபடம் போடுவதை மென்பொருள் செய்துவிடும். வந்த தரவை நம்பலாமா, அனுப்பப் போகிற வரைபடத்தில் எது இடிக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் ஆளுக்குச் சம்பளம். உங்கள் பாடத்திட்டத்தின் முதுகெலும்பு அங்கே இருக்கிறது.

நாற்காலியில் இருப்பவரைக் கேளுங்கள்

நீங்கள் பேசிய இரண்டு மேலாளர்களும் பொய் சொல்லவில்லை. அவர்கள் அந்த நாற்காலியை விட்டு எழுந்து வருடக்கணக்கு ஆகியிருக்கும், அல்லது உட்கார்ந்ததே இல்லை. வேலையைப் பற்றி வேலை செய்கிறவரிடம் கேட்பதற்கு ஒரு முறையே இருக்கிறது, பெயர் டேகம். 1960களில் கனடாவில் உருவானது, பின்னால் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் அதை வளர்த்துப் பல தொழில்களுக்கும் பரப்பியது. அதன் அடிப்படை எளிது: ஒரு வேலையை அதை நன்றாகச் செய்கிறவரைவிடத் துல்லியமாக யாரும் விவரிக்க முடியாது.

நடத்துவது இப்படி. கைதேர்ந்த டெக்னீஷியன்கள் 5 முதல் 12 பேரை ஓர் அறையில் இரண்டு நாள் உட்கார வைக்கிறீர்கள். நடத்துபவருக்கு அந்த வேலை தெரிய வேண்டியதில்லை, கேட்கத் தெரிந்தால் போதும் (உங்களுக்கு ஏற்ற வேஷம் இது!). முதலில் பெரிய கடமைகளைச் சொல்லச் சொல்லுங்கள்: தரவு சேகரிப்பது, தரவைத் திருத்துவது, வரைபடம் தயாரிப்பது, இப்படி. ஓர் 6 முதல் 12 கடமைகள் வரும். பிறகு ஒவ்வொரு கடமைக்குக் கீழும் என்னென்ன பணிகள் என்று ஒன்றொன்றாக அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். விதி ஒன்றே ஒன்று, ஆனால் அதில் தளரக் கூடாது: ஒவ்வோர் அட்டையிலும் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு செயலைச் சொல்லும் வினைச்சொல் இருக்க வேண்டும். "ஜி.பி.எஸ். பற்றிய அறிவு" என்று யாராவது எழுதினால் திருப்பிக் கொடுத்து, "அந்த அறிவை வைத்து திங்கட்கிழமை காலையில் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "களத்தில் வந்த புள்ளிகளை, ஏற்கெனவே துல்லியமாக அளந்து வைத்த கட்டுப்பாட்டுப் புள்ளியோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பேன்" என்று பதில் வரும். அதை எழுதிக்கொள்ளுங்கள். தேர்வு வைக்கக்கூடியது அதுதான். அறிவு, கருவிகள், பழக்கவழக்கங்கள் எல்லாம் தனிப் பட்டியலாக ஓரத்தில் போகட்டும்.

அறைக்குள் மேலாளர்களை விடாதீர்கள். முதலாளி எதிரில் உட்கார்ந்திருந்தால் எந்த டெக்னீஷியனும் "வாரத்தில் இரண்டு நாள் மற்றவர்கள் கெடுத்த கோப்பைத் திருத்துவதிலேயே போகிறது" என்று சொல்ல மாட்டார். உங்களுக்கு வேண்டியதோ அந்த வாக்கியம்தான். நான் மேலே சொன்ன என் மோசமான பாடத்திட்டம் இப்படித்தான் கெட்டது. ஆலோசனைக் குழுவில் 7 பேரைக் கூப்பிட்டேன், ஏழு பேரும் துறைத் தலைவர்கள். வெளியே வந்தது ஓர் அழகான ஆவணம், முப்பரிமாண நகர மாதிரி முதல் செயற்கைக்கோள் படப் பகுப்பாய்வு வரை எல்லாம் இருந்தது. முதல் அணி மாணவர்கள் வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது, ஒரு வருடம் முழுக்க அவர்கள் செய்தது பழைய தாள் வரைபடங்களை டிஜிட்டைஸ் செய்வதும் அட்டவணை திருத்துவதும்தான். அதற்கு நாங்கள் ஒதுக்கியிருந்தது ஒரே வாரம்.

டேகமுக்கும் குறை உண்டு, மறைக்கவில்லை. இன்று செய்யும் வேலையைத்தான் அது காட்டும், நாளை வரப்போவதைக் காட்டாது. எல்லாரும் ஒரே மாதிரி அலுவலகத்தில் இருந்து வந்தால் படம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும், அதனால் உள்ளாட்சி, மின்சாரம் அல்லது குடிநீர், தனியார் வரைபட நிறுவனம், வனம் என்று கலந்து கூப்பிடுங்கள். மேலாளர்களை மூன்றாம் நாள் அரை நாள் மட்டும் வரச் சொல்லி, சுவரில் ஒட்டியதைக் காட்டி, "இன்னும் ஐந்து வருடத்தில் இதில் எது போகும், எது வரும்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவர்கள்தான் சரியான ஆள். பிறகு அந்தப் பட்டியலை அறைக்கு வராத வேறு டெக்னீஷியன்களுக்கு அனுப்பி, ஒவ்வொரு பணியும் எவ்வளவு அடிக்கடி வருகிறது, தவறினால் எவ்வளவு சேதம், கல்லூரியில் கற்க வேண்டியதா வேலையில் சேர்ந்து கற்கலாமா என்று மூன்று கேள்விக்கு மதிப்பெண் போடச் சொல்லுங்கள். 4 பருவங்களில் எதை வைப்பது, எதை விடுவது என்ற உங்கள் தலைவலியை அந்த மதிப்பெண்களே தீர்த்துவிடும்.

அந்தப் பெரிய ஆவணங்கள் எதற்கு?

2006 அறிவுத் தொகுப்பை டிப்ளமோவுக்குள் அடைக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அடைபடாது, அதில் உங்கள் தவறு ஏதும் இல்லை. 10 அறிவுப் பகுதிகள், 73 அலகுகள், 329 தலைப்புகள். அந்தத் துறை முழுவதற்குமான நிலப்படம் அது. யாரும் ஒரு நாட்டின் எல்லாத் தெருவிலும் நடந்து பார்ப்பதில்லை. உங்கள் சுவரில் இருக்கிற பணிப் பட்டியலை முடித்த பிறகு, "ஏதாவது அடிப்படை விட்டுப்போச்சா?" என்று சரிபார்க்க மட்டும் அதைத் திறங்கள்.

உங்களுக்கு நெருக்கமான முன்மாதிரி வேறு ஒன்று. அமெரிக்காவில் இரண்டாண்டுக் கல்லூரிகளுக்கும் இதே தலைவலி இருந்தது. தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியில், டெக்சாஸின் டெல் மார் கல்லூரியை மையமாக வைத்து 2008இல் ஜியோடெக் மையம் என்று ஒன்று தொடங்கினார்கள். வெவ்வேறு இடங்களில் ஏற்கெனவே நடந்திருந்த டேகம் பட்டியல்களை ஒன்றாகச் சேர்த்து, ஜி.ஐ.எஸ். டெக்னீஷியன் உண்மையில் என்ன செய்கிறார் என்று ஒரே பட்டியலாக்கினார்கள். அதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் உங்கள் இரண்டு நாள் கூட்டம் வெற்றுச் சுவரில் இருந்து தொடங்க வேண்டியதில்லை. ஆனால் முதல் நாள் காலையிலேயே காட்டிவிடாதீர்கள், காட்டினால் எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மத்தியானத்துக்கு மேல் காட்டுங்கள்.

2010இல் அமெரிக்கத் தொழிலாளர் துறை இந்தத் துறைக்கென்று ஒரு திறன் மாதிரி வெளியிட்டது, பிரமிடு வடிவில். அதன் கீழ் மூன்று படிகளைப் பாருங்கள்: நேர்மை, நம்பகம், படிப்பு, எழுத்து, கணக்கு, குழுவாக வேலை செய்வது, சிக்கலைத் தீர்ப்பது. தொழில்நுட்பம் நாலாவது படியில்தான் வருகிறது. "சொன்னதைச் செய்கிறவன் போதும்" என்ற அந்த இரண்டாவது மேலாளர் ஒரு விதத்தில் இந்தக் கீழ்ப்படிகளைத்தான் கேட்கிறார், கொஞ்சம் கரடுமுரடாக.

எதில் நேரத்தைச் செலவழிப்பது

உங்கள் கூட்டம் முடிவு செய்யட்டும், ஆனாலும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆய்வக நேரத்தில் பாதி தரவைத் துப்புரவு செய்வதற்குப் போக வேண்டும். அதுவும் ஆசிரியர் முன்கூட்டியே சுத்தம் செய்து வைத்த பயிற்சிக் கோப்பு கூடாது. பயிற்சிப் புத்தகத்தோடு வரும் தரவு எப்போதும் சரியாக இணையும், அதனால்தான் அதில் படித்த பிள்ளைகள் முதல் வாரத்திலேயே முழிக்கிறார்கள்.

ஆயத்தொலை அமைப்புக்கு ஒரு முழு மாதம் ஒதுக்கினாலும் தப்பில்லை. டிகிரியில் இருக்கும் லேயரில் பரப்பளவு கணக்கிட்டால் வரும் எண்ணுக்கு அர்த்தம் இல்லை என்பது கை தானாக நிற்கும் அளவுக்குப் பழக வேண்டும். உருண்டையான பூமியைத் தட்டையாக்க இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் வெப் மெர்கேட்டர் முறையில் 60 டிகிரி அட்சத்தில் நீளம் இரண்டு மடங்காகவும் பரப்பு நாலு மடங்காகவும் தெரியும், அதை ஒரு தடவை அவர்களே அளந்து பார்த்து ஏமாறட்டும். இரண்டு மென்பொருள் சொல்லிக்கொடுங்கள், ஒன்று விலைக்கு வாங்குவது, ஒன்று கியூஜிஸ் போல இலவசமாகத் திறந்த மூலத்தில் கிடைப்பது. ஒரே பயிற்சியை இரண்டிலும் செய்ய வையுங்கள். பொத்தான் எங்கே இருக்கிறது என்பது வேறு, என்ன செய்கிறோம் என்பது வேறு என்று இரண்டாவது மென்பொருளைத் தொடும்போதுதான் புரியும். "மூன்று வருடத்தில் மாறிவிட்டால்?" என்ற உங்கள் பயத்துக்கு எனக்குத் தெரிந்த மருந்து இதுதான்.

நிரலாக்கம் பற்றி: முதலில் தரவுத்தளத்தைக் கேள்வி கேட்கும் மொழியான எஸ்.க்யூ.எல்., அப்புறம் பைத்தான். டெக்னீஷியன் மென்பொருள் எழுதப் போவதில்லை. இருபது வரி ஸ்கிரிப்டை வாசித்து, கோப்பின் பாதையையும் நெடுவரிசையின் பெயரையும் மாற்றி ஓட்டத் தெரிந்தால் முதல் வேலைக்குப் போதும். ஆனால் "இந்த வார்டில் விட்டம் 20க்குக் கீழ் இருப்பதையெல்லாம் காட்டு" என்று தரவுத்தளத்தைக் கேட்கத் தெரியவில்லை என்றால் தினமும் சிரமம். நான் அன்று மாட்டியதும் அங்கேதான்.

கணக்கு? தடுமாறுகிறவர்களைச் சேர்க்கலாம். வேண்டியது விகிதம், அலகு மாற்றம், கோணம், கொஞ்சம் புள்ளியியல். அதையும் வரைபடத்தை வைத்தே நடத்துங்கள். 1:10,000 அளவுத் திட்ட வரைபடத்தில் 1 சென்டிமீட்டர் என்பது தரையில் 100 மீட்டர், அப்படியானால் அரை மில்லிமீட்டர் பேனாக் கோடு எவ்வளவு என்று கேளுங்கள். 5 மீட்டர். "அந்தக் கோட்டின் எந்த ஓரத்தில் வேலி போடுவது?" என்று அடுத்த கேள்வி. விகிதத்தில் பயந்து உட்கார்ந்திருந்த பையன் அப்போது நிமிர்ந்து உட்காருவான், பார்த்திருக்கிறேன்.

எழுத்தை மறந்துவிடாதீர்கள். தரவு எங்கிருந்து வந்தது, யார் எப்போது எப்படி அளந்தார், என்ன மாற்றினோம் என்று நாலு வரி மெட்டாடேட்டா எழுத முடியாத டெக்னீஷியனின் வேலையை அவர் லீவு போட்ட நாளில் யாராலும் தொடர முடியாது.

விற்பனையாளர் தருவதை எடுக்கலாமா?

ஆய்வகத்தை எடுத்துக்கொள்ளுங்கள், பாடத்திட்டத்தை வேண்டாம் என்று சொல்லுங்கள். அவரைக் குறை சொல்லவில்லை, அவருடைய மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு அந்தக் கையேட்டைவிட நல்லது கிடைக்காது. ஆனால் அது அந்தக் கருவியின் மெனு வரிசையில் எழுதப்பட்டது, வேலையின் வரிசையில் எழுதப்பட்டதில்லை. கையெழுத்துப் போடும் முன் எழுத்தில் கேட்க வேண்டியவை சில: இரண்டாம் வருடத்தில் உரிமத்துக்கு எவ்வளவு, மாணவர்கள் வீட்டுக் கணினியில் போட்டுக்கொள்ளலாமா, படிப்பு முடிந்ததும் அவர்கள் செய்த வேலையைத் திறந்து பார்க்க வழி உண்டா, வேறு நிறுவனத்தின் மென்பொருளையும் அதே ஆய்வகத்தில் நடத்தலாமா, உங்கள் ஆசிரியர்கள் எழுதும் பயிற்சிகள் யாருக்குச் சொந்தம். கடைசி இரண்டுக்கும் மழுப்பலாகப் பதில் வந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். உரிமம் தீர்ந்த பிறகு பிள்ளைகள் திருட்டு நகலைத் தேடிப் போவார்கள், அந்தப் பழக்கத்தை ஆரம்பித்து வைத்தது கல்லூரி என்றாகிவிடும்.

எல்லையும் வாக்குறுதியும்

நில எல்லை பற்றிக் கேட்டீர்கள். இதில் தெளிவாக இருங்கள். பல நாடுகளில் சட்டப்படி எல்லையை நிர்ணயிக்கும் அதிகாரம் உரிமம் பெற்ற நில அளவையாளருக்கு மட்டுமே உண்டு. டெக்னீஷியன் அவர் அளந்ததை வரைபடத்தில் ஏற்றலாம், அவருக்குக் கீழே களத்தில் கருவி பிடிக்கலாம், "உன் வேலி இங்கேதான்" என்று சொல்ல முடியாது. கையில் சென்டிமீட்டர் துல்லியம் தரும் ஆர்.டி.கே. கருவி இருந்தாலும் முடியாது. துல்லியமும் அதிகாரமும் ஒன்றல்ல என்பதைப் பிள்ளைகள் முதல் பருவத்திலேயே தெரிந்துகொள்ளட்டும். திறந்த வானத்தின் கீழ் ஒரு கைபேசி காட்டும் இடம் சுமார் 5 மீட்டர் இப்படி அப்படி இருக்கும், அதை வைத்து இரண்டு அண்டை வீட்டாருக்கு நடுவில் கோடு போட்டுக் கொடுத்துவிட்டு வழக்கில் சிக்கினால் கல்லூரிக்கும் கெட்ட பெயர். உங்கள் இடத்துச் சட்டம் என்ன சொல்கிறது என்று அதற்கான பதிவு அமைப்பிடம் எழுதிக் கேட்டு, பதிலைக் கையேட்டிலேயே போட்டுவிடுங்கள்.

பயிற்சிக்கு நிஜ அலுவலகத் தரவு வாங்கும்போது எழுத்தில் அனுமதி வாங்குங்கள், அதில் வீட்டுக்காரர் பெயர், தொலைபேசி இருந்தால் எடுத்துவிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு மனிதர் எங்கே இருக்கிறார் என்பதும் தனிப்பட்ட தகவல்தான்.

"வேலை உறுதி" போடாதீர்கள். உங்களால் நிறைவேற்ற முடியாததை எழுத்தில் கொடுத்தால் பிள்ளைகள் அதை எடுத்துக்கொண்டு வருவார்கள், வர அவர்களுக்கு உரிமையும் உண்டு. அதற்குப் பதில் சுவரில் ஒட்டிய அந்தப் பணிப் பட்டியலையே கையேட்டில் போடுங்கள்: இந்தப் படிப்பை முடித்தவர் இவற்றைத் தனியாகச் செய்வார், இவற்றை மேற்பார்வையில் செய்வார், இவை அவருக்குத் தெரியாது. ஆள் எடுக்கிறவருக்கும் அதுதான் வேண்டும். இன்னொன்று, டிப்ளமோ முடித்தவர் பட்டப்படிப்பில் சேர்ந்தால் எத்தனை பாடம் கழிக்கப்படும் என்று பக்கத்துப் பல்கலைக்கழகத்தோடு இப்போதே பேசி எழுதி வாங்குங்கள். வாழ்நாள் முழுக்க டெக்னீஷியனாகவே இருக்க எல்லாரும் விரும்ப மாட்டார்கள்.

தேர்வும் நீங்களும்

கடைசித் தேர்வு எப்படி இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்கிறேன். ஒரு கோப்புறை, அதற்குள் வேண்டுமென்றே கெடுத்த தரவு: ப்ரொஜெக்‌ஷன் கோப்பு இல்லாத ஒரு ஷேப்ஃபைல் (எந்த ஆயத்தொலை அமைப்பு என்று தெரியாத வரைபடத் தரவுக் கோப்பு), அட்சமும் தீர்க்கமும் இடம் மாறிய ஓர் அட்டவணை, இரண்டு தடவை எண்ணிய வீடுகள், 10 எழுத்தோடு வெட்டுப்பட்டு ஒரே மாதிரி தெரியும் நெடுவரிசைப் பெயர்கள். மூன்று மணி நேரம். மாணவர் தர வேண்டியது ஒரு வரைபடம், அதோடு ஒரு பக்கம்: எதைத் திருத்தினேன், எதை நம்பவில்லை, யாரிடம் கேட்க வேண்டும். அந்த ஒரு பக்கத்துக்குத்தான் பாதி மதிப்பெண். திருத்த முடியாததைத் தானாக ஊகித்து நிரப்பியவருக்கு, வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும், தேர்ச்சி கிடையாது. கடுமையாகத் தெரியலாம். ஊகித்து நிரப்பிய குழாய் வரைபடத்தை நம்பிப் பள்ளம் தோண்டுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு: வரும் விடுமுறையில் 4 வாரம், ஏதாவது ஓர் அலுவலகத்தில், ஒரு டெக்னீஷியனுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி கேட்டு வாங்கி உட்காருங்கள். பாடம் நடத்தப் போகாதீர்கள், பார்க்கப் போங்கள். அவர் எந்த இடத்தில் பெருமூச்சு விடுகிறார் என்று குறித்துக்கொண்டே வாருங்கள், ஒவ்வொரு பெருமூச்சும் ஓர் ஆய்வகப் பயிற்சி. 11 வருடம் நில அளவை நடத்தியவர் நீங்கள், கட்டுப்பாட்டுப் புள்ளி என்றால் என்ன, பிழை எங்கே சேர்கிறது என்பதெல்லாம் அங்கே இருக்கும் பாதிப் பேரைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

மூன்று மாதக் கணக்கு வேண்டுமென்றால்: முதல் மாதம் நாற்காலி, அதற்குள்ளேயே கூட்டத்துக்கு ஆள் பிடித்துவிடுங்கள். இரண்டாம் மாதம் அந்த இரண்டரை நாள் கூட்டமும் மதிப்பெண் சுற்றும். மூன்றாம் மாதம் எழுத்து, முதல்வரிடம் தரும்போது முதல் இரண்டு பருவங்கள் முழுதாகவும் மீதி உத்தேசமாகவும் இருந்தால் போதும் என்று இப்போதே சொல்லி வையுங்கள், பின்னால் சொன்னால் சாக்கு என்பார்.

கூட்டம் முடிந்ததும் சுவரை ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். வினைச்சொல் இல்லாத அட்டைகளுக்கு நான் சிவப்பில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.